வவ்வால் வண்டி

அந்த வண்டியில் யாருக்கும் கால் தேவையில்லை. நான் பார்த்த வாகனங்களிலேயே அப்படி ஒன்று அதுதான். சைக்கிளை மிதிக்கக் கால் வேண்டும். பஸ்ஸில் படியேறக் கால் வேண்டும், இடம் கிடைக்காவிட்டால் நின்றுகொண்டு போகவும் வேண்டும். ஜீப்பின் பின்படியில் தொற்றிக்கொண்டு போகிறவளுக்குக் காலை விட்டால் வேறு பிடிமானமே இல்லை. ஆனால் அந்தக் கேளிக்கைப் பூங்காவில் இருந்த இரும்பு வண்டிக்குத் தரையே கிடையாது. தண்டவாளம் தலைக்கு மேலே ஓடுகிறது. அதன் அடியில் நாற்காலிகள் தொங்குகின்றன. உட்கார்ந்தவர்களின் கால்கள் அந்தரத்தில் சும்மா ஆடிக்கொண்டிருக்கின்றன. அப்படிப்பட்ட வண்டியில், கால் இல்லை என்று சொல்லி என்னை ஏறவிடவில்லை.

இதை எழுத உட்காரும்போதே உடம்பு சூடாகிறது. கொஞ்ச நாள் போனால் ஆறிவிடும் என்று மதினி சொன்னாள். ஆறவில்லை. ஆற வேண்டும் என்று எனக்கு ஆசையும் இல்லை.

எனக்கு ஊர் ராசிங்காபுரம். போடியில் ஒரு ஏலக்காய்க் குடோனில் காய் பொறுக்குகிறேன். தட்டில் கொட்டிய காயில் வெடித்தது, வெளுத்தது, பூச்சி அரித்தது எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுப் பருத்த பச்சைக் காயைத் தனியாகத் தள்ள வேண்டும். உட்கார்ந்த வேலை. வலது காலில் முழங்காலுக்குக் கீழே எனக்கு ஒன்றும் இல்லை. மதுரையில் ஒரு முகாமில் கொடுத்த செயற்கைக் காலை வாரால் இறுக்கிக் கட்டிக்கொள்கிறேன். சேலை கட்டினால் வெளியே தெரியாது. நடக்கும்போது மட்டும் தெரியும்.

மதினி என்பது என் வீட்டுக்காரரின் அக்கா. அவளும் அதே குடோனில்தான் வேலை செய்கிறாள். என் தட்டுக்கு எதிர்த்தட்டு அவளுடையது.

சீசன் முடிந்ததும் முதலாளி எங்களை வருசத்துக்கு ஒரு முறை எங்காவது அனுப்பிவைப்பார். வழக்கமாகக் கோயில்தான். இந்த முறை குடோனில் இருக்கும் சின்னப் பெண்கள் ஒன்றுசேர்ந்து, மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் இருக்கும் ஒரு பூங்காவுக்குத்தான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்கள். மேனேஜரும் சரி என்றுவிட்டார்.

மேனேஜரைப் பற்றிச் சொல்ல வேண்டும். குடோனுக்கு வருவதற்கு முன்னால் அவர் அதே முதலாளியின் எஸ்டேட்டுக்கு ஆள் சேர்த்து அனுப்பும் கங்காணியாக இருந்தார். விடியும் முன்னால் எங்கள் ஊர் முக்கில் நின்று, யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று பார்த்து, எங்களை ஜீப்பில் அடைத்து மலைக்கு ஏற்றிவிடுவது அவர் வேலை. கெட்ட வார்த்தை பேச மாட்டார். எல்லாப் பெண்களையும் ஆத்தா என்றுதான் கூப்பிடுவார். என் கால் போனபோது பெரியாஸ்பத்திரிக்குப் பழமும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு வந்தவர் அவர் ஒருவர்தான். "கவலப்படாத ஆத்தா. உனக்கு உக்காந்த சோலியாப் பாத்துத் தர்றேன்" என்றார். சொன்னபடியே பார்த்தும் தந்தார். அன்றிலிருந்து ஊரில் யாரைக் கேட்டாலும், அந்த மனுசன் இல்லாவிட்டால் இவள் கதி என்ன என்றுதான் சொல்வார்கள். நானும் அதற்குத் தலையாட்டிக்கொண்டே வந்தேன். வருசக் கணக்கில் தலையாட்டினேன்.

பூங்காவில் சேலைக்கு அனுமதி இல்லை என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். நான் என் மகளுடைய சுடிதாரைப் போட்டுக்கொண்டேன். அக்குளில் பிடித்தது, மூச்சை இழுத்துவிட முடியவில்லை. மதினி தன் மகனுடைய டீசர்ட்டை நைட் பேண்டுக்கு மேல் மாட்டிக்கொண்டு வந்தாள். டீசர்ட்டில் ஒரு புலி வாயைப் பிளந்துகொண்டிருந்தது. பஸ் போடிமெட்டு ஏறி முடிக்கும்வரை நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தோம்.

காலையில் எல்லோரும் தண்ணீர் விளையாட்டுக்குப் போனார்கள். என் காலில் தண்ணீர் படக் கூடாது. அதனால் ஒரு மரத்தடியில் எல்லோருடைய பைகளையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அங்கிருந்துதான் அந்த வண்டியைப் பார்த்தேன்.

மஞ்சள் நிறத்தில் பெருத்த இரும்புக் குழாய்கள் வளைந்து, சுருண்டு, ஒன்றின் மேல் ஒன்று பின்னிக் கிடந்தன. ஒரு பக்கம் சங்கிலி கடகடவென்று இழுக்க, வண்டி மெதுவாக உச்சிக்கு ஏறியது. உச்சியில் ஒரு கணம் நின்றதுபோல் இருந்தது. அப்புறம் ஒரே பாய்ச்சல். கீழே விழுந்து, மேலே எழுந்து, ஒரு வளையத்துக்குள் தலைகுப்புறச் சுற்றி, திருகிக்கொண்டு என் தலைக்கு மேலாகவே இரைந்தபடி ஓடியது. உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோருடைய கால்களும் வெறுங்கால்களாகத் தொங்கின. அந்தக் கால்கள் ஒன்றும் செய்யவில்லை. எதையும் மிதிக்கவில்லை, எதையும் தாங்கவில்லை. காற்று இழுத்த பக்கம் ஆடின, அவ்வளவுதான்.

கால் போன பிறகு நான் தரையைப் பார்க்காமல் ஒரு அடிகூட வைத்ததில்லை. கல்லா, பள்ளமா, ஈரமா என்று பார்த்துப் பார்த்தே கழுத்து குனிந்துவிட்டது. தரையே இல்லாத ஓர் இடத்தில் கொஞ்ச நேரம் இருந்தால் எப்படி இருக்கும் என்று அந்த மரத்தடியில்தான் முதல்முறையாக எனக்குத் தோன்றியது. உடனே ஏற வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. எனக்கு அப்படி ஆசைகள் அடிக்கடி வருவதில்லை.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்த மதினியிடம் சொன்னேன்.

"அதுவா? வவ்வாலு மாதிரியில்ல தொங்குறாக!" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "சரி வா புள்ள. செத்தா ரெண்டு பேரும் ஒண்ணாச் சாவோம்."

சின்னப் பெண்களும் கிளம்பினார்கள். வவ்வால் வண்டி, வவ்வால் வண்டி என்று கத்திக்கொண்டே நடந்தார்கள். மேனேஜரும் வந்தார். பெண்கள் ஏறும்போது தான் ஏறாவிட்டால் கேலி பேசுவார்கள் என்று பயந்திருப்பார்.

நுழைகிற இடத்தில் குழந்தைகளின் உயரத்தை அளக்க ஒரு குச்சி வைத்திருந்தார்கள். பக்கத்திலே ஒரு பலகை. இருதய நோய்க்காரர், பிள்ளைத்தாய்ச்சி, கழுத்து வலிக்காரர் ஏறக் கூடாது என்று படம் போட்டுக் காட்டியிருந்தது. காலைப் பற்றிப் படம் எதுவும் இல்லை. குச்சிக்காரர் என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. உள்ளே போனால் படிக்கட்டு. ஒரு மாடிக்கு ஏறி, கம்பிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து நின்று, மறுபடி ஏறி, மறுபடி நின்று போக வேண்டியிருந்தது. கட்டையாக நின்ற காலின் நுனி அந்தச் செயற்கைக் கிண்ணத்துக்குள் உரசி எரிய ஆரம்பித்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினேன். மதினி பின்னால் வந்தபடி, "வேணும்னா திரும்பிருவோமா?" என்றாள். வேண்டாம் என்றேன்.

மேலே மேடையில் வண்டி வந்து நின்றது. ஒரு வரிசைக்கு நான்கு நாற்காலிகள். மேனேஜர் ஓரத்தில் ஏறிக்கொண்டார். அடுத்து மதினி. அடுத்தது எனக்கு. என்னைத் தாண்டி எங்கள் குடோன் பெண் ஒருத்தி. சீருடை போட்ட ஒரு மலையாளப் பெண் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தாள். தோளின் மேலிருந்து வளைந்து வரும் கனத்த கம்பியை மேனேஜரின் நெஞ்சில் அழுத்தினாள். இழுத்துப் பார்த்தாள். வாரைப் பூட்டினாள். மறுபடி இழுத்துப் பார்த்தாள். அவள் நகர்ந்ததும் பின்னாலேயே இன்னொருவன் வந்து அதையே திரும்பச் செய்தான். மதினிக்கும் அப்படியே.

செருப்பை ஒரு தட்டில் கழற்றி வைக்க வேண்டும். நான் குனிந்து கழற்றினேன். அந்தப் பெண்ணின் கண் என் வலது பாதத்தில் விழுந்தது. ரப்பர் பாதம், மேலே கணுக்காலில் இரும்புக் குழாய்.

அவள் பின்னால் இருந்தவனிடம் மலையாளத்தில் சொன்னாள்: "அது வெப்புக்காலா. தாழெ வீணால் ஆருடெ தலையிலா வீழுக?" பொய்க்கால், கழன்று கீழே விழுந்தால் யார் தலையில் விழுமோ என்று. அவன் சிரிப்பை அடக்கினான்.

கேரளா ஏலத் தோட்டத்தில் வேலை பார்த்தவளுக்கு மலையாளம் தெரியாது என்று நினைத்தாள்போல.

"எனிக்கு மலையாளம் அறியாம் மோளே" என்றேன், எனக்கு மலையாளம் தெரியும் மகளே என்று.

அவள் முகம் வெளுத்தது. "சேச்சி, ஸாரி. பட்சே கேறான் பற்றில்லா" என்றாள். ஏற முடியாதாம்.

"ஏன் முடியாது? பலகையில போடலையே."

"கால் லூசாயி வீழும் சேச்சி."

அவ்வளவுதானே என்று மேடையோரத் தடுப்புக் கம்பியில் சாய்ந்துகொண்டேன். சுடிதார் பேண்டைச் சுருட்டி, வாரை அவிழ்த்து, காலை உருவிக் கையில் எடுத்துக்கொண்டேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற கூட்டம் "ஐயோ" என்றது. உடனே போன்களைத் தூக்கிப் பிடித்தார்கள். மனிதன் எதைப் பார்த்தாலும் முதலில் போனைத்தான் தூக்குகிறான்.

"இந்தா, கழட்டிட்டேன். இப்ப எது விழும்?"

அந்தப் பெண் யாரையோ கூப்பிட்டாள். கழுத்தில் டை கட்டிய ஒரு அதிகாரி வந்தார். நல்ல தமிழ் பேசினார். "மேடம், எங்க ரூல்ஸ் மேடம். வண்டி நடுவழியில நின்னுட்டா நீங்க நடந்து எறங்க வேண்டி வரும்."

"அந்தரத்துல எங்கிட்டு நடக்க?"

"சைடுல படி இருக்கு மேடம்."

"உங்க மாடிப்படி பூராம் ஏறித்தான சார் இங்க வந்து நிக்கிறேன்? யாரும் தூக்கிட்டு வரலயே."

"கால் இல்லாம நடக்க முடியாதில்ல மேடம்."

"அப்ப மாட்டிக்கிட்டு ஏறுறேன்."

"மாட்டிக்கிட்டா விழுந்திரும் மேடம்."

மாட்டினால் விழுந்துவிடும், கழற்றினால் நடக்க முடியாது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு மேடம். அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தார். பின்னால் ஒருவன், "லேட் ஆகுதுங்க, யாராச்சும் அந்தம்மாவ எறக்கி விடுங்க" என்றான்.

அதுவரை எனக்கு வந்தது எரிச்சல்தான். திட்டிவிட்டு இறங்கியிருப்பேன். வீட்டுக்கு வந்து அழுதிருப்பேன். அந்தப் பெண்ணும் அந்த டைக்காரரும் யாரோ எழுதிக் கொடுத்ததைச் சொல்கிறவர்கள். அப்போது நாற்காலியில் பூட்டப்பட்டுத் தொங்கிக்கொண்டிருந்த மேனேஜர் வாயைத் திறந்தார்.

"ஆத்தா, அவுக சொல்றதும் நெசந்தான? பாதுகாப்புன்னு ஒண்ணு இருக்குல்ல. உசுரு முக்கியமா, வெளாட்டு முக்கியமா? கீழ போயி பையப் பாத்துக்கிட்டு உக்காரு, போ."

பாதுகாப்பு.

அந்த வார்த்தையை அந்த வாயிலிருந்து கேட்டதும் எனக்குள் ஏதோ அறுந்தது. ஆடி மாத மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு விடியற்காலை கண் முன்னால் வந்தது. எங்கள் ஊர் முக்கு. ஜீப்பு நிறைந்துவிட்டது. மடி மேல் மடியாகப் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நானும் இன்னொருத்தியும் வெளியே நிற்கிறோம். இவர்தான் குடை பிடித்துக்கொண்டு, "ஏறுங்க ஆத்தா, வெரசா, பொழுது போயிருச்சு" என்கிறார். கால் வைக்கக்கூட இடமில்லையே அண்ணே என்கிறேன். "ஒத்தக் கால வச்சாப் போதும் ஆத்தா. மேட்டுக்கு மேல போயிச் சரிபண்ணிக்கலாம்." பின்படியில் ஒற்றைக் காலை வைத்துத் தொற்றிக்கொண்டேன். மேட்டுக்கு மேலேயும் யாரும் சரிபண்ணவில்லை. எஸ்டேட்டுக்குப் பிரியும் மண்பாதையில் ஜீப்பு ஏற முடியாமல் இழுத்து, நின்று, பின்னோக்கி வழுக்கி, ஏலச்செடிகளுக்குள் சாய்ந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. என் கால் மட்டும் அடியில் மாட்டிக்கொண்டது. ஒரு காலோடு போயிற்று, மலைத்தாய் காப்பாற்றினாள் என்று எல்லோரும் சந்தோசப்பட்டார்கள். இவர் ஆஸ்பத்திரியில் போலீசிடம், வண்டியில் அளவாகத்தான் ஆள் ஏற்றியது என்று சொன்னார். நான் கட்டிலில் கிடந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது அவர் நாற்காலியில் இருந்தார். நெஞ்சின் மேல் கம்பி. நகர முடியாது. காதைப் பொத்தலாம், வேறு எதுவும் முடியாது.

"அண்ணே, எங்கிட்டயா பாதுகாப்பச் சொல்றீக?" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "ஒத்தக் கால வச்சாப் போதும்னு சொன்னது யாருண்ணே? இந்தா, ஒத்தக் காலோடதான் நிக்கிறேன். போதுமா?"

"ஆத்தா, எல்லாரும் பாக்குறாக."

"பாக்கட்டும். வெளாட்டுக்குப் போற வண்டியில ஒரு ஆளுக்கு ரெண்டு பேரு வந்து கம்பிய இழுத்து இழுத்துப் பாக்குறாக. சோலிக்குப் போற வண்டியில எங்களுக்கு எவன் பாத்தான்? ஆட்ட ஏத்துனாக்கூட மூச்சு விடட்டும்னு எடம் விட்டு ஏத்துவாக. நீங்க எங்கள எப்பிடிண்ணே ஏத்துனீக? அளவாத்தான் ஏத்துனோம்னு போலீசுக்கிட்ட சொன்னீகளே, எந்த அளவு அது?"

அவர் எழுந்திருக்கப் பார்த்தார். கம்பி விடவில்லை. வெறுங்கால்கள் காற்றில் உதைத்தன. "இத எடும்மா, நான் எறங்குறேன்" என்று சீருடைப் பெண்ணைப் பார்த்துக் கெஞ்சினார். ஒருவருக்காக எடுத்தால் எல்லோருக்கும் எடுக்க வேண்டும், மறுபடி எல்லோரையும் பூட்ட வேண்டும் என்று அவள் தலையை ஆட்டினாள்.

"நீங்க குடுத்த சோலிக்கு இத்தன வருசம் கையெடுத்துக் கும்புட்டேன். காலப் பறிச்சவுகளயே கும்புட வச்சீகளே அண்ணே!"

மதினி அவருக்குப் பக்கத்து நாற்காலியில் கண்களை இறுக மூடிக்கொண்டு, "பேசாம இரு புள்ள, பேசாம இரு" என்று முனகிக்கொண்டிருந்தாள். அவளுடைய புலி வாயைப் பிளந்துகொண்டிருந்தது. எனக்கு இன்னும் சொல்ல நிறைய இருந்தது. டைக்காரர் கையைக் காட்டினார். நாற்காலிகளுக்கு அடியிலிருந்த தரை கீழே இறங்கியது. வண்டி நகர்ந்தது. பேச்சின் நடுவிலேயே அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டது. என் நாற்காலி காலியாகப் போனது.

சக்கர நாற்காலி கொண்டுவந்தார்கள். வேண்டாம் என்று மேடையின் மேலேயே உட்கார்ந்து காலை மாட்டினேன். அவசரத்தில் வார் துளையில் ஏறவில்லை. அந்தச் சீருடைப் பெண் மண்டியிட்டு உதவ வந்தாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. கையைத் தட்டிவிட்டேன். பிறகு டைக்காரர் என்னை ஒரு மூலைக்கு அழைத்துப்போனார். அங்கே லிப்ட் இருந்தது. அவ்வளவு படிகளையும் நான் ஏறி வந்தபோது, அதே கட்டடத்தில், வேலைக்காரர்களுக்கென்று லிப்ட் இருந்திருக்கிறது. கீழே விட்டுவிட்டு என் கையில் ஒரு சீட்டைக் கொடுத்தார். ஐஸ்கிரீம் கடையில் காட்டினால் இலவசமாக ஒன்று தருவார்களாம்.

நிமிர்ந்து பார்த்தேன். வண்டி வளையத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. யாருடைய முகமும் தெரியவில்லை. அத்தனை கால்களுக்கு நடுவே கால்களே தொங்காத ஒரு நாற்காலி மட்டும் தெளிவாகத் தெரிந்தது. ஏறவிடாததைவிட அதைப் பார்த்ததுதான் என்னை அதிகமாக எரித்தது. யாருக்கும் பயன்படாமல் அது தலைகீழாகப் போய் வந்தது.

மதினி இறங்கி வந்தபோது தலைமுடி நாலாபக்கமும் நின்றது. வந்ததும் என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏன்டி பொது எடத்துல மானத்த வாங்குற? அந்த மனுசன் இல்லாட்டி உனக்கு ஏதுடி சோலி?"

"என் காலு இருந்திருந்தா அவரு குடுக்குற சோலி எனக்கு எதுக்கு மதினி?"

அவள் தலைமுடியை அள்ளி முடிந்தாள். பிறகு என் கையிலிருந்த சீட்டைப் பார்த்து என்ன என்று கேட்டாள். சொன்னேன். தலை சுற்றுகிறது, இனிப்பாக ஏதாவது சாப்பிட்டால் தேவலை என்றாள். அந்தச் சீட்டைக் கிழித்துப் போட நினைத்திருந்தேன். அவளிடமே கொடுத்துவிட்டேன். என் மேல் இருந்த கோபத்தோடேயே முழு ஐஸ்கிரீமையும் தின்று முடித்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் யாரும் பாட்டுப் போடவில்லை. மேனேஜர் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு டீக்கடையில் நிறுத்தியபோது, முன்பு என்னோடு எஸ்டேட்டுக்கு வந்துகொண்டிருந்த ஒரு அக்கா என் பக்கத்தில் வந்து நின்று, உதடு அசையாமல், "நீ சொன்னது அம்புட்டும் நெசந்தான்த்தா" என்றாள். சொல்லிவிட்டு மேனேஜர் பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்த்தாள். எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது. நெசம் என்றால் அதைக் கொஞ்சம் சத்தமாகச் சொன்னால் என்ன?

வீட்டில் என் கணவர் கேட்டுவிட்டு, "ஏறவிடலேன்னா பேசாம எறங்கி வர வேண்டியதுதான?" என்றார். அவர் லோடு இறக்குகிறவர். முதலாளிமார்களோடு சண்டை போட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். என் மகள்தான், "நல்லாக் கேட்டம்மா" என்றாள். போனையும் காட்டினாள். அதற்குள் வந்துவிட்டிருந்தது. எவனோ எடுத்த வீடியோ. காலைக் கையில் பிடித்துக்கொண்டு நான் கத்துகிறேன். பேசியது முழுவதும் தெளிவாகக் கேட்கிறது. போடி கடைத்தெருவில் அதைப் பார்க்காதவர்கள் இல்லை. முதலாளியும் பார்த்தார்.

அடுத்த வாரமே குடோனில் சொல்லிவிட்டார்கள், இப்போது காய் வரத்து குறைவு, கொஞ்ச நாளைக்கு வர வேண்டாம், ஆள் சொல்லி அனுப்புகிறோம் என்று. எனக்கு எதிர்த்தட்டில் காய் மலையாகக் குவிந்து கிடந்தது. மதினி அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டு குனிந்தே இருந்தாள். அவளுக்கும் வயிறு இருக்கிறது. புரியாமல் இல்லை. ஆனால் புரிந்துவிட்டால் கோபம் போய்விடும் என்று யார் சொன்னது?

இப்போது வேறொரு குடோனில் பொறுக்குகிறேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து தூரம் அதிகம், நடை கூடிவிட்டது. மற்றபடி காய் எங்கேயும் காய்தான். அங்கே பெண்கள் முதல் நாளே, "அந்த வவ்வாலு வண்டி அக்காவா நீ?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பழைய மேனேஜர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். தனியாக வந்திருந்தார். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், வாங்கிக் குடித்தார்.

"எனக்கும் முதலாளி சொல்றதுதான் ஆத்தா" என்றார். "ஆளுக்குத் தக்கன வண்டி குடுன்னு நான் எத்தன தடவ கேட்டிருக்கேன் தெரியுமா? ஒரே வண்டியில அனுப்பு, இல்லாட்டி வேற ஆளப் பாத்துக்கிறேன்னுவாரு."

"இது எனக்குத் தெரியும்ணே."

"வீடியோ வந்த பெறகு இன்னொரு ஜீப்பும் சேத்து விட்டாரு. கொஞ்ச நாளுதான். பெறகு டீசல் வெலையச் சொல்லி நிறுத்திட்டாரு."

அதுவும் எனக்குத் தெரியும். எங்கள் ஊர் முக்கில் இப்போதும் பெண்கள் பின்படியில்தான் தொற்றிக்கொண்டு போகிறார்கள். காலையில் பால் வாங்கப் போகும்போது பார்க்கிறேன். ஒரு நாள் டிரைவரைப் பார்த்துக் கத்தினேன். "எங்கள எறக்கிவிட்டா, சம்பளத்த நீ குடுக்குறியா?" என்று அந்தப் பெண்களே என்னைத் திருப்பிக் கேட்டார்கள்.

"போலீசுக்கிட்ட அப்பிடிச் சொன்னது தப்புத்தான் ஆத்தா" என்றார். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். மன்னித்துவிடு என்று அடுத்து கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் மன்னித்திருக்க மாட்டேன். கையில் தம்ளரை வைத்துத் திருப்பிக்கொண்டே நின்றார்.

எனக்கு வேறு ஒன்று கேட்க வேண்டியிருந்தது. மதினியிடம் கேட்டபோது, பயத்தில் ஒன்றுமே ஞாபகமில்லை என்று சொல்லியிருந்தாள்.

"அது எப்பிடிண்ணே இருந்துச்சு?"

"எது?"

"வவ்வாலு வண்டி. மேல போகயில. தலகீழாச் சுத்தயில. கீழ என்ன தெரிஞ்சுச்சு?"

அவர் தம்ளரைத் திருப்புவதை நிறுத்தினார்.

"நான் கண்ணத் தெறக்கலயே ஆத்தா" என்றார். "நீ பேசுனதுக்குப் பெறகு கண்ண மூடுனவன்தான். எறக்கிவிட்டுத்தான் தெறந்தேன். ஒண்ணும் பாக்கல."

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது? எஸ்டேட்டு, ஜீப்பு, போலீசு எல்லாவற்றையும்விட அந்த நிமிடத்தில் அதுதான் பெரிதாக இருந்தது. அந்த மனுசனுக்கு நாற்காலி கிடைத்தது, கம்பி கிடைத்தது, இரண்டு பேர் வந்து இழுத்துப் பார்த்தார்கள், அவ்வளவு உயரத்துக்குப் போய்த் தலைகீழாகச் சுற்றி வந்திருக்கிறார். அத்தனையும் கண்ணை மூடிக்கொண்டு.

"தம்ளரக் குடுங்கண்ணே" என்று கையை நீட்டினேன். கொடுத்தார். தெருவில் இறங்கிப் போனார். நான் உள்ளே வந்து தம்ளரைக் கழுவப் போட்ட சத்தத்தில், தூங்கிக்கொண்டிருந்த என் கணவர் எழுந்து உட்கார்ந்து, என்ன ஆயிற்று என்று கேட்டார். அந்தப் பூங்காவுக்கு மறுபடியும் போகப் போகிறேன் என்றேன். ஏற விடமாட்டார்களே என்றார். தெரியும் என்றேன்.